சிறு மாதிரி ரயில் பட்டறை: ஸ்கேல் தேர்வு முதல் விற்பனை வரை

மாதிரி ரயில் செய்வது வேறு, மாதிரி ரயில் பட்டறை நடத்துவது வேறு. கைப்பழக்கமும் பொறுமையும் உள்ள யாரும் ஒரு அழகான வேகனைச் செய்துவிடலாம். அதே வேகனை முப்பது முறை செய்ய வேண்டும். முப்பதிலும் கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், நிறம் ஒன்றாக இருக்க வேண்டும், எதுவும் வளைவில் தடம் புரளக் கூடாது. பட்டறை வேலை இதுதான். அதனால் எந்தப் பசை நல்லது, எந்தக் கத்தி நல்லது என்பதை இங்கே சுருக்கிக்கொண்டு, எந்த வரிசையில் வேலை செய்தால் முப்பதாவது வேகனும் முதல் வேகனைப் போலவே வரும் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஸ்கேல், அதோடு கேஜ்

ஸ்கேல் என்பது நிஜ வண்டிக்கும் மாதிரிக்கும் உள்ள விகிதம். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம். உலகில் அதிகம் புழங்குவது எச்.ஓ.: விகிதம் 1:87, கேஜ் 16.5 மி.மீ. அடுத்தது 'என்' (N): கேஜ் 9 மி.மீ., விகிதம் பெரும்பாலும் 1:160. பிரிட்டிஷ் மாதிரிகளில் இது 1:148, ஜப்பானிய மாதிரிகளில் 1:150. ஓ ஸ்கேலுக்குக் கேஜ் 32 மி.மீ.; விகிதம் பிரிட்டனில் 1:43.5, ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளில் 1:45, அமெரிக்காவில் 1:48. மார்க்லின் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த இசட், 1:220 விகிதத்தில் 6.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுகிறது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 1,435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜை 87-ஆல் வகுத்தால் சரியாக 16.5 வரும். ஆனால் 1,676 மி.மீ. அகலப்பாதை வண்டியை 1:87-இல் செய்தால் கேஜ் 19.3 மி.மீ. வர வேண்டும். அதைக் கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் நிறுத்தினால், சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி, மேலே உடல் மட்டும் பரந்து நிற்கும். மீட்டர் கேஜ் என்றால் 11.5 வரும், அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது, பெரிய குறை தெரியாது. பிரிட்டனின் ஓ.ஓ. ஸ்கேல் இந்தச் சமரசத்தோடே தலைமுறைகளாக ஓடுகிறது: வண்டி 1:76.2, தண்டவாளம் 16.5. கணக்குப் பார்த்தால் அது 1,257 மி.மீ. கேஜில் ஓடும் ரயில்! வாங்குபவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், பிழைத்துக்கொண்டது. நீங்களும் சமரசம் செய்யலாம், ஆனால் எங்கே செய்தீர்கள் என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள்.

புதுப் பட்டறைக்கு என் பரிந்துரை எச்.ஓ. அல்லது ஓ ஸ்கேல். எச்.ஓ.வில் வாங்குபவர்கள் அதிகம், சக்கரமும் கப்ளரும் எளிதாகக் கிடைக்கும். ஓ ஸ்கேலில் வாங்குபவர்கள் குறைவு, ஆனால் கைவேலை கண்ணுக்குத் தெரியும், அதற்கேற்ற விலையும் கிடைக்கும். 'என்' (N) ஸ்கேலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே 0.2 மி.மீ. பிசகு கூட முகத்தில் அறையும்.

ஸ்கேல் முடிவானதும் அதற்கான தர அளவுகளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். 1935 முதல் இயங்கும் அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. சங்கமும், ஐரோப்பியச் சங்கங்களின் கூட்டமைப்பான மோரோப்பும் சக்கரம், தண்டவாளம், கப்ளர், மின்இணைப்பு எல்லாவற்றுக்கும் அளவு வகுத்து வைத்திருக்கின்றன. மோரோப்பின் அளவுகளுக்கு என்.ஈ.எம். என்று பெயர். இவற்றை மீறினால் உங்கள் வண்டி உங்கள் மேசையில் மட்டும்தான் ஓடும்.

எதைச் செய்வது

இஞ்சினில் தொடங்க எல்லோருக்கும் ஆசை. வேண்டாம். நான்கு சக்கர வேகனில் தொடங்குங்கள். மோட்டார் இல்லை, பாகங்கள் குறைவு, ஒருவரே பத்து வாங்குவார். இஞ்சினை ஒருவர் ஒன்றுக்கு மேல் வாங்குவது அபூர்வம்.

பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே செய்துவிட்ட வண்டியின் பக்கம் போகாதீர்கள். அவர்கள் எஃகு டையில் (வார்ப்பு அச்சில்) ஆயிரக்கணக்கில் ஊற்றுகிறார்கள். விலையில் மோத முடியாது. டை செலவுக்குக் கட்டாது என்று அவர்கள் ஒதுக்கிய வண்டிகள்தான் உங்களுக்கான இடம்: ஒரே ஒரு கிளைப்பாதையில் ஓடிய வேகன், பிரேக் வேன், பழுதுபார்க்கும் கிரேன் வண்டி, பழைய பெட்டியை மாற்றிக் கட்டிய ஊழியர் வண்டி.

வண்டியைத் தேர்ந்ததும் ஒரு குறிப்பிட்ட எண்ணையும் ஒரு குறிப்பிட்ட ஆண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வகை வேகன் இருபது ஆண்டுகளில் பிரேக், கதவு, கூரை, எழுத்து எல்லாம் மாறியிருக்கும். அசல் வரைபடம் கிடைத்தால் நல்லது, ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் கட்டும்போது மாற்றியிருப்பார்கள். வண்டியே எங்காவது நின்றால், பக்கவாட்டில் நேராக, தூரத்தில் நின்று லென்ஸை இழுத்துப் படம் எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் நடுப்பகுதி உப்பியும் ஓரங்கள் சுருங்கியும் தெரியும். படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள், ஒரு மீட்டர் குச்சியோ சக்கரமோ, கட்டாயம் இருக்கட்டும்.

இடமும் கருவியும்

சிறிய அறை போதும், ஆனால் அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: அரம் போடும், அறுக்கும் இடம், ரெசினும் பெயிண்டும் உள்ள இடம், தூசி இல்லாத கோர்க்கும் மேசை. பெயிண்ட் இடத்துக்குக் காற்றை வெளியே தள்ளும் விசிறியோடு ஒரு ஸ்ப்ரே பெட்டி வேண்டும். டிஜிட்டல் வெர்னியர், நல்ல அரங்கள், 0.3 மி.மீ.யிலிருந்து டிரில் பிட்டுகள், வெப்பநிலை மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், ஏர்பிரஷ், கம்ப்ரசர், இரட்டைக் கண் பூதக்கண்ணாடி. சிறிய லேத் பிறகு வரட்டும். ரெசினைத் தொடும் முன் நைட்ரைல் கையுறை, பெயிண்ட் அடிக்கும் முன் கரிம ஆவியைப் பிடிக்கும் முகமூடி. துணி முகமூடி இதற்கு உதவாது.

எதைச் செய்வது என்பதைப் போலவே எதைச் செய்யாமல் இருப்பது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். சக்கரம், பேரிங், கப்ளர், மோட்டார், கியர் இவற்றை வாங்குங்கள். டீகால் (வண்டியில் ஒட்டும் எழுத்துப் படலம்) அச்சையும் தகடு எட்சிங்கையும் (உலோகத் தகட்டை ரசாயனத்தால் அரித்து வடிவம் எடுப்பது) வெளியே கொடுங்கள். எட்சிங்குக்குப் பயன்படும் ஃபெரிக் குளோரைடைச் சமாளிப்பதே ஒரு தனித் தொழில். செம்பு கலந்த அந்தக் கழிவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. மாஸ்டர், வார்ப்பு, கோர்ப்பு, பெயிண்ட் ஆகியவை மட்டும் உங்களிடம் இருந்தால் போதும்.

மாஸ்டர் செய்வது

மோல்டு (வார்ப்பு அச்சு) எடுப்பதற்கான மூலத் துண்டுதான் மாஸ்டர். அதன் மேல் ரப்பரில் மோல்டு எடுத்து, அந்த மோல்டில் ரெசினை ஊற்றி வார்க்கிறோம். ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் கையால் கட்டலாம், கணினியில் வரைந்து ரெசின் பிரின்டரில் எடுக்கலாம். இரண்டும் கலந்து செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி: தட்டையான பக்கங்களுக்கு ஸ்டைரீன், ஆக்சில் பெட்டி, பிரேக் போன்ற சிக்கலான சிறு பாகங்களுக்குப் பிரின்டர்.

தடிமனை யோசிக்காமல் கோடு போடாதீர்கள். 1 மி.மீ. தகடு எச்.ஓ.வில் 87 மி.மீ. சுவருக்குச் சமம். நிஜத்தில் இரும்புத் தகடு 6 மி.மீ. இருந்தால் மாதிரியில் அது 0.07 மி.மீ. ஆக வேண்டும், அதை வார்க்க முடியாது. அதனால் விளிம்பை ஏமாற்ற வேண்டும். சுவர் 1 மி.மீ. இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியும் மேல்விளிம்பையும் கதவு ஓரத்தையும் உள்பக்கமாகச் சாய்த்துச் சீவி 0.3 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். ரிவெட்டுக்கும் இதே கதை. 20 மி.மீ. ரிவெட் தலை 0.23 மி.மீ. ஆகிறது; பெயிண்ட் ஏறியதும் காணாமல் போகும். கொஞ்சம் பெரிதாக்குங்கள், ஆனால் எண்ணிக்கையையும் வரிசையையும் மாற்றாதீர்கள். ரயில் தெரிந்தவர்கள் ரிவெட்டை எண்ணுவார்கள், உண்மையாகவே எண்ணுவார்கள்.

பிரின்டரில் எடுக்கும் பாகத்தை 0.05 மி.மீ. அடுக்கிலோ அதற்குக் குறைவாகவோ எடுங்கள். கூரை போன்ற சரிவுகளில் அடுக்குப் படிகள் தெரியும். பிரைமர் அடித்து, ஈரமான நுண் எமரித் தாளால் தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்துப் பார்க்க வேண்டும். மாஸ்டரில் விட்ட கீறல் ஒவ்வொரு வார்ப்பிலும் வரும். ரப்பரும் ரெசினும் கொஞ்சம் சுருங்கும் என்பதால், முதலில் ஒரு நீளமான சோதனைத் துண்டை வார்த்து அளந்து, அந்தச் சதவீதத்தை மாஸ்டரில் சேர்த்துவிடுங்கள்.

மோல்டும் வார்ப்பும்

மாஸ்டரைப் பெட்டியில் ஒட்டி அதன் மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றுகிறோம். ரப்பரில் இரண்டு வகை. டின் க்யூர் (வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது) மலிவு, எதையும் பெரிதாகச் சட்டை செய்யாது, ஆனால் சுருக்கம் கூடுதல், சீக்கிரம் கிழியும். பிளாட்டினம் க்யூர் (பிளாட்டினச் சேர்மத்தால் இறுகுவது) அளவு மாறாது, நாள்பட நிற்கும். ஆனால் கந்தகம் உள்ள களிமண் பட்டாலோ, பிரின்டர் ரெசின் முழுதாக இறுகாமல் இருந்தாலோ அந்த இடத்தில் ரப்பர் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். பிரின்ட் மாஸ்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, புற ஊதா விளக்கில் நீண்ட நேரம் வைத்து, மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்து, மூலையில் ஒரு சொட்டு ரப்பர் விட்டுப் பார்த்த பிறகுதான் முழு மோல்டை ஊற்ற வேண்டும்.

ரப்பரை ஒரு மூலையில் மட்டும், உயரத்திலிருந்து, மெல்லிய நூலாக ஊற்றுங்கள். அதுவாகவே மாஸ்டரின் மேல் ஏறட்டும். குமிழ்கள் அந்த நூலில் உடைந்துவிடும். அதற்கு முன் ரிவெட், கதவுத் தாழ்ப்பாள் பக்கமெல்லாம் தூரிகையால் ஒரு பூச்சு. வாக்குவம் பம்ப் இருந்தால் கலந்த ரப்பரை அதில் வைத்துக் காற்றை எடுத்துவிடலாம்.

வார்ப்புக்குப் பாலியூரித்தேன் ரெசின். இரண்டு திரவங்களைச் சேர்த்ததும் சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும், அதனால் மோல்டுகளை முதலில் வரிசையாக அடுக்கிவிட்டுக் கலக்குங்கள். விகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் தராசில் பாருங்கள். டப்பாவில் உள்ள விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்றும் படியுங்கள். ஈரம் இந்த ரெசினுக்கு எதிரி. கோப்பையில் ஈரம் இருந்தாலும், மூடி திறந்தே கிடந்தாலும் ரெசின் நுரைக்கும். மழைக்காலத்தில் வார்ப்பு கெட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சிறு குமிழ்களை ஒழிக்க நம்பகமான வழி பிரஷர் பாட்: ஊற்றிய மோல்டை உள்ளே வைத்து 3 பார் அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்து, ரெசின் இறுகும் வரை அப்படியே விட வேண்டும். இந்த வேலைக்கென்று அழுத்தம் குறிக்கப்பட்ட, பாதுகாப்பு வால்வு உள்ள பாத்திரம் மட்டும்தான். சமையல் குக்கரை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம்.

ஒரு மோல்டு சில பத்து வார்ப்புகள் தாங்கும். பிறகு நுண்ணிய இடங்கள் பிய்ந்து வார்ப்போடு வரும். முப்பது வேகன் தேவையென்றால் ஒரே மாஸ்டரிலிருந்து இரண்டு மூன்று மோல்டு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எத்தனை முறை ஊற்றினோம் என்று குறித்து வையுங்கள். முப்பதுக்கு முப்பத்தாறு வார்ப்பு எடுங்கள். கழிவு வரத்தான் செய்யும்.

பித்தளைத் தகட்டில் செய்வதானால்

பயணிகள் பெட்டியின் மெல்லிய பக்கங்கள், படிக்கட்டு, கம்பி வலை போன்றவற்றுக்கு ரெசினை விட எட்சிங் தகடு பொருத்தம். 0.25 முதல் 0.5 மி.மீ. வரை தடிமன் போதும். வரையும்போது ஒரு விதி: தகட்டின் தடிமனை விடக் குறுகலான துளையோ இடுக்கோ சரியாக வராது. மடிக்கும் கோட்டைப் பாதி ஆழத்துக்கு அரிக்கச் செய்து, அந்தப் பள்ளம் மடிப்பின் உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும்.

நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) தகடு பித்தளையை விட வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும். ஒரு மூட்டைச் சால்டர் செய்யும்போது பக்கத்து மூட்டு கழன்று விழாமல் இருக்க அது உதவும். சால்டரை வெப்பநிலை இறங்குமுகமாகப் பயன்படுத்துங்கள்: முக்கிய மூட்டுகளுக்கு 180 டிகிரிக்கு மேல் உருகுவது, கடைசியில் ஒயிட் மெட்டல் (குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை) பாகங்களுக்கு 70 டிகிரியில் உருகுவது. அந்த 70 டிகிரி கலவைகள் பலவற்றில் காட்மியம் உண்டு. புகையை முகர வேண்டாம். அமில ஃபிளக்ஸ் போட்ட அன்றைக்கே கழுவிவிடுங்கள், விட்டால் பெயிண்டுக்கு அடியில் பச்சை பூக்கும்.

ஓட்டம்

அழகாக இருந்து ஓடாத மாதிரி திரும்பி வரும். சுமாராக இருந்து நன்றாக ஓடும் மாதிரியை வைத்துக்கொள்வார்கள். அதனால் இந்தப் பகுதிக்குச் சோம்பல் கூடாது.

சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஒவ்வொரு ஆக்சிலிலும் அளக்க வேண்டும். எச்.ஓ.வில் இது 14 மி.மீ.யைச் சற்றுத் தாண்டி வரும். சரியான எல்லையைத் தரப் பட்டியலில் பார்த்து, அதற்கு உலோகத்தில் ஓர் அளவுக்கட்டை செய்து வையுங்கள். அதில் பொருந்தாத ஆக்சில் பாயின்ட்டில் (தடம் பிரியும் இடத்தில்) ஏறிக் குதிக்கும். வாங்கிய சக்கரம்தானே என்று விட்டுவிட வேண்டாம், அதிலும் பிசகு இருக்கும்.

இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் ஓடுவதால், ஆக்சில் உலோகமானால் ஒரு பக்கச் சக்கரமாவது மின்காப்போடு இருக்க வேண்டும். பித்தளை வேகனில் காப்புள்ள சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வர வேண்டும்; ஒரு ஆக்சில் மாறிப் போனால் உடல் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும்.

நான்கு சக்கர வேகனில் ஒரு ஆக்சிலைச் சட்டத்தோடு நிலையாக வைத்து, மற்றதை லேசாக ஆடும்படி விடுங்கள். நாலு கால் ஸ்டூல் மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது, அதே கணக்கு. போகி (வண்டிக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்) உள்ள வண்டியில் ஒரு போகி இருபுறமும் சாயலாம், மற்றது முன்பின் மட்டும். ஊசிமுனை ஆக்சிலும் பித்தளைக் கூம்பு பேரிங்கும் போட்டால், லேசாக ஊதினாலே வேகன் நகரும்.

எடை குறைந்தால் வளைவில் வண்டி உள்பக்கம் சாயும். எச்.ஓ.வுக்கு என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரை ஓர் அவுன்சும், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும். ஆறு அங்குல வண்டிக்கு நான்கு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். எடையைத் தரைக்கு நெருக்கமாக வையுங்கள்.

இதையெல்லாம் சோதிக்க ஒரு பாதை வேண்டும். நேர்க்கோட்டில் ஓட்டிக் காட்டுவது சோதனையே இல்லை. 360 மி.மீ. ஆரத்தை ஒட்டிய வளைவு, எஸ் வளைவு, இரண்டு பாயின்ட்டுகள், ஒரு ஏற்றம். முன்னால் இழுத்தும் பின்னால் தள்ளியும் பார்க்க வேண்டும். தள்ளும்போதுதான் கப்ளர் உயரத்தின் குறை வெளியே வரும்.

இஞ்சின் செய்யும் கட்டம் வந்தால்

முதல் இஞ்சின் போகி உள்ள டீசலாகவோ மின்சார இஞ்சினாகவோ இருக்கட்டும். நீராவி இஞ்சினில் இணைப்புக் கம்பி வரும். இடது வலது சக்கரங்கள் எல்லா ஆக்சிலிலும் ஒரே மாதிரி 90 டிகிரி விலகி நிற்க வேண்டும். ஆக்சில் துளைகளின் தூரமும் கம்பித் துளைகளின் தூரமும் இம்மி பிசகக் கூடாது. அதற்குத் தனி ஜிக் (அளவு பிசகாமல் பிடித்துக்கொள்ளும் சட்டம்) வேண்டும்.

கியரைக் கணக்குப் போட்டு எடுங்கள். நிஜத்தில் 1,000 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் 1:87-இல் 11.5 மி.மீ.; ஒரு சுற்றுக்கு 36 மி.மீ. நகரும். மணிக்கு 100 கி.மீ. என்பது இந்த ஸ்கேலில் வினாடிக்குச் சுமார் 320 மி.மீ. ஆகச் சக்கரம் நிமிடத்துக்கு 530 சுற்று சுற்ற வேண்டும். மோட்டார் 12 வோல்ட்டில் 16,000 சுற்றுகிறது என்றால் 30:1 கியர் சரி. சந்தேகம் இருந்தால் வேகத்தைக் குறைக்கும் பக்கமே போங்கள். ஊர்ந்து போகும் இஞ்சினைத்தான் ரசிப்பார்கள்.

டி.சி.சி. (டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை) டீகோடர் பொருத்துவது வாங்குபவரின் வேலையாக இருந்தாலும், சாக்கெட்டுக்கு இடம் விட்டுக் கொடுங்கள். எச்.ஓ.வில் 8 பின் அல்லது 21 பின், 'என்' ஸ்கேலில் 6 பின் அல்லது நெக்ஸ்ட்18. மோட்டாரின் இரு முனைகளும் சட்டத்தைத் தொடாமல் தனித்திருக்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி ஒரு கணம் மட்டும் மின்னோட்டத்தை அளந்து, அந்த எண்ணைக் குறிப்புத் தாளில் எழுதுங்கள். டீகோடர் தேர்வுக்கு அதுதான் கேட்பார்கள்.

பெயிண்ட், எழுத்து

ரெசினில் மோல்டு எண்ணெய் ஒட்டியிருக்கும், சோப்பு நீரில் கழுவாமல் பிரைமர் அடித்தால் தோலாக உரியும். மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள். முப்பது வேகனுக்கும் தேவையான நிறத்தை ஒரே பாட்டிலில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது. கறுப்பைச் சுத்தக் கறுப்பாக அடிக்காமல் கொஞ்சம் சாம்பல் சேர்த்தால்தான் விவரங்கள் தெரியும். டீகால் ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். கரடான பரப்பில் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும். கிளாஸ் வார்னிஷ், டீகால், மென்மையாக்கும் திரவம், ஒரு நாள் காயவிட்டு மேலே மேட் வார்னிஷ்.

முப்பதையும் ஒன்றாக நகர்த்துவது

ஒரு வேகனை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். எல்லா வார்ப்புக்கும் பிசிறு நீக்குவது, பிறகு எல்லாவற்றுக்கும் துளை, பிறகு எல்லாவற்றுக்கும் கோர்ப்பு என்று போங்கள். திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜிக்: கைப்பிடித் துளைக்கு ஒரு தகடு, கப்ளர் உயரத்துக்கு ஒரு கட்டை, கூரை நடுக்கோட்டுக்கு ஒரு சட்டம். ஜிக் செய்ய ஒரு நாள் போகும், கொடுத்துவிடுங்கள். முதலில் சரியாக வந்த ஒன்றை விற்காமல் அலமாரியில் வையுங்கள். மற்றவற்றை அதோடு பக்கத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். தொகுதிக்கு ஒரு அட்டை: மோல்டு எண், ரெசின் தொகுதி எண், நிறக் கலவை, யார் கோர்த்தது, பாதையில் ஓடிய தேதி.

விலையும் விற்பனையும்

விலை போடும்போது பலர் பொருள் செலவை இரண்டால் பெருக்கிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். மாஸ்டர் செய்த நேரம், மோல்டு, கழிந்த வார்ப்பு, பேக்கிங், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் நேரம், திரும்பி வந்து சரிசெய்வது, எல்லாவற்றையும் கூட்டி முப்பதால் வகுக்க வேண்டும். அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை என்று தோன்றினால் அந்த வண்டியையே விட்டுவிடுங்கள். முன்பதிவு வாங்குவது தவறில்லை, ஆனால் முழுப் பணமும் வேண்டாம். மாஸ்டரே முடியாத நிலையில் வாங்கிய பணம் அடுத்த வேகனின் ரெசினில் கரைந்து, பட்டறை கடனில் ஓடத் தொடங்கும்.

ரயில்வேயின் சின்னமும் பெயரும் பதிவு பெற்ற வணிகச் சின்னமாக இருக்கலாம். யூனியன் பசிபிக் 2004-இல் மாதிரி ரயில் நிறுவனங்கள் மீது வழக்கே போட்டது; 2006-இல்தான் அந்தத் தகராறு தணிந்தது. எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி வையுங்கள். இது சிறுவர் பொம்மை அல்ல, 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சேகரிப்பு மாதிரி என்று பெட்டியில் அச்சிடுங்கள். பொம்மைப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, விற்கும் நாட்டின் விதியைப் பாருங்கள்.

பெட்டிக்குள் சாதாரண ஸ்பாஞ்சைப் போடாதீர்கள். பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் வருடங்கள் போனால் பொடிந்து பெயிண்டில் ஒட்டும். பாலிஎத்திலீன் ஃபோமில் வெட்டி, வண்டியை அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றுங்கள். கைப்பிடி, படிக்கட்டு போன்ற மெல்லிய பாகங்கள் ஃபோமைத் தொடாமல் குழி வெட்ட வேண்டும். பேக் செய்ததை இடுப்புயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக உதிரிகள். மோல்டு இன்னும் நல்ல நிலையில் இருக்கும்போதே கப்ளர் பெட்டி, பிரேக் சக்கரம், படிக்கட்டு, கதவு ஆகியவற்றில் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக வார்த்து, அந்தத் தொகுதியின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, அட்டையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். ரப்பர் மோல்டு சும்மா இருந்தாலும் கெட்டுப்போகும். நான்கு வருடம் கழித்து ஒருவர் உடைந்த படிக்கட்டுக்காக எழுதும்போது அதிலிருந்து புதிதாக வார்க்க முடியாது. மாஸ்டரை வெயில் படாத இடத்தில், தட்டையாக வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.